விசாரிக்காமலே வேலையை விட்டு நீக்கினார்கள், ஜெயித்தாலும் இழப்பீடு கிடைக்காது என்கிறார்கள்

கேள்வி:
வணக்கம். இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் முழுசாக 6 வருடம் வேலை பார்த்தேன். வயது 34, வாரச் சம்பளம் 480 பவுண்டு. 2024 மார்ச்சில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடிக்கடி தாமதமாக வருகிறேனாம். அது உண்மைதான், எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் வாங்கியிருக்கிறேன். ஆனால் விசாரணைக் கூட்டமே நடக்கவில்லை, மேல்முறையீடு செய்யலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. ஏகாஸ் (வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் அமைப்பு) மூலம் சமரசம் நடக்காமல் போய் இப்போது வழக்கு ட்ரிப்யூனலில் (வேலைத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம்) இருக்கிறது. முறையாக விசாரித்திருந்தாலும் நீக்கியிருப்போம், தப்பு உங்களுடையது, மேல்முறையீடும் செய்யவில்லை, அதனால் 1,500 பவுண்டை வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வக்கீல் எழுதியிருக்கிறார். தூக்கமே வரவில்லை. வாங்கிவிடலாமா?

பதில் 1:
தம்பி, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். நான் பல வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவன். இழப்பீடு இரண்டு பகுதி. அடிப்படைத் தொகை உங்கள் வயதுக்கு வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம், அதாவது 6 × 480 = 2,880 பவுண்டு. இதுவே அவர்கள் தருவதாகச் சொல்வதைவிட அதிகம். இன்னொன்று சம்பள இழப்புக்கான தொகை.

"எப்படியும் நீக்கியிருப்போம்" என்பது போல்கி குறைப்பு, போல்கி என்பவரின் வழக்கில் 1987இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தந்த தீர்ப்பிலிருந்து வந்தது. முறைப்படி செய்திருந்தால் வேலை போயிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ட்ரிப்யூனல் கணித்து, அந்த அளவுக்குச் சம்பள இழப்புத் தொகையைக் குறைக்கும். அடிப்படைத் தொகையை இது பொதுவாகத் தொடாது. ஆனால் உங்கள் நடத்தையைக் காரணம் காட்டி இரண்டையும் குறைக்க முடியும், எச்சரிக்கைக் கடிதம் இருப்பதால் இதில் கொஞ்சம் அடி விழத்தான் செய்யும்.

மேல்முறையீட்டு விஷயத்தில் பயப்பட வேண்டாம். ஏகாஸ் விதிகளைக் காரணமில்லாமல் மீறினால் இரு தரப்புக்கும் 25% வரை பாதிப்பு உண்டு, நாம் மீறினால் இழப்பீடு குறையும், அவர்கள் மீறினால் கூடும். உரிமை இருப்பதையே சொல்லாமல் விட்டுவிட்டு, ஏன் செய்யவில்லை என்று கேட்டால் எடுபடுவது கடினம். கூட்டமே நடத்தாமல் நீக்கியது அவர்கள் பக்கத்து மீறல், அந்த 25%ஐ நீங்கள் கேளுங்கள்.

பதில் 2:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வேறு வேலை தேடினீர்களா? என் வழக்கில் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். நாம் சரியாகத் தேடவில்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான், இருந்தாலும் கையில் ஆதாரம் இல்லையென்றால் தடுமாறிவிடுவோம். நான் விண்ணப்பித்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடு குறித்து வைத்திருந்தேன், வந்த மின்னஞ்சல்களையும் அழிக்கவில்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இப்போதுதான் மூச்சு வருகிறது. ஏஜென்சி மூலம் 5 வாரம் வேலை செய்தேன், அதையும் சொல்ல வேண்டுமா?

பதில் 1:
கட்டாயம் சொல்லுங்கள், மறைத்தால் உங்கள் மொத்தப் பேச்சையும் நம்ப மாட்டார்கள். அந்தச் சம்பளத்தை முதலில் கழிப்பார்கள், பிறகு போல்கி, அப்புறம் ஏகாஸ் சதவீதம், கடைசியில்தான் உங்கள் தவறுக்கான குறைப்பு. உதாரணமாக மிச்ச இழப்பு 8,000 என்றால், போல்கி 50% போய் 4,000, ஏகாஸ் 25% கூடி 5,000, நடத்தைக்கு 20% போனாலும் 4,000. அடிப்படைத் தொகை தனி, அதிலும் அதே 20% போனால் 2,304. இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு வக்கீலுக்குப் பதில் போடுங்கள்.