பிள்ளைகளின் கிறிஸ்மஸ் பரிசுக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள்?

செந்தூல் அம்மா
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு 10 வயது, மகளுக்கு 7. போன கிறிஸ்மஸுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 1,850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவானது. மகனுக்கு டேப்லட், மகளுக்குப் பெரிய பொம்மை வீடு, அப்புறம் சின்னச் சின்னதாக என்னென்னவோ. டிசம்பர் 12 மலிவு விற்பனையில் பாதிக்கு மேல் தவணையில்தான் எடுத்தேன். கடைசித் தவணை ஜூனில் முடிந்தது. பொம்மை வீட்டின் கதவு மார்ச்சிலேயே கழன்றுவிட்டது. அதற்கப்புறமும் மூன்று மாதம் அதற்குப் பணம் கட்டினேன்.

இந்த வருஷம் ஒரு பிள்ளைக்கு 150, அதுவும் கையில் இருக்கிற பணத்தில் மட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "வருஷத்தில் ஒரு நாள், அதிலேயும் கணக்கா?" என்றார். 25-ஆம் தேதி மத்தியானம் மாமியார் வீட்டில் எல்லாப் பேரப்பிள்ளைகளும் கூடத்தில் உட்கார்ந்து பரிசைப் பிரிப்பார்கள். கொழுந்தனார் வீட்டில் தாராளமாக வாங்குவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் அவர் பயப்படுகிறார். எனக்கும் பயம்தான். 300 வெள்ளி என்பது கஞ்சத்தனமா?

பாயான் லெப்பாஸ் அப்பா
தங்கச்சி, நான் ஒரு பிள்ளைக்கு 800 வெள்ளி ஒதுக்குகிறேன். மூன்று பிள்ளைகள். அதில் எனக்கு வெட்கமில்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். கிறிஸ்மஸ் என்றால் ஒரு புதுச் சட்டை, அதுவும் இரண்டு சைஸ் பெரிதாக, அடுத்த வருஷமும் போடலாம் என்று. பரிசு என்று ஒன்றைத் தாளில் சுற்றி யாரும் என் கையில் கொடுத்ததே இல்லை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் தங்களுக்குக் கிடைத்ததைச் சொல்லும்போது நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு இங்கே தொழிற்சாலையில் டெக்னீஷியன், பாதி மாதம் இரவு ஷிஃப்ட். போனஸ் வந்ததும் ரொக்கமாக வாங்குகிறேன், கடன் கிடையாது. என் பிள்ளை அந்தத் தாளைக் கிழிக்கும்போது என் மனதில் எதுவோ ஆறுகிறது. இதை யாரும் ஊதாரித்தனம் என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

உங்கள் தப்பு 1,850 இல்லை, தங்கச்சி. தவணைதான் தப்பு.

பட்டர்வொர்த் டீச்சர்
அண்ணா, உங்கள் மனது புரிகிறது. ஆனால் நான் வகுப்பறையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். 2019 ஜனவரி, மூன்றாம் ஆண்டு வகுப்பு. ஒரு பையன் தனக்கு வந்த புது கேம் செட்டைப் பற்றி ஒரு வாரம் பேசினான். அதே பையனின் வெள்ளைக் காலணியில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. பயிற்சிப் புத்தகங்கள் பிப்ரவரி பாதியில்தான் வந்தன. அந்தப் பெற்றோர் பிள்ளை மீது பாசமில்லாதவர்கள் இல்லை. டிசம்பரிலேயே பணம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் இதை இன்னும் யோசிக்க வேண்டும். சில வருஷமாகப் பள்ளி ஆண்டு தள்ளிப்போய்த் தொடங்கியதால் பெற்றோருக்கு இடையில் ஒன்றரை மாதமாவது மூச்சுவிட நேரம் இருந்தது. 2026-இல் பள்ளி மறுபடியும் ஜனவரியிலேயே திறக்கிறது. கிறிஸ்மஸும் சீருடையும் ஒரே சம்பளத்தில் வந்து நிற்கும். அரசாங்கம் தரும் 150 வெள்ளி உதவித்தொகை காலணி, பை, இரண்டு செட் உடுப்பு வாங்குவதற்குள் கரைந்துவிடும். எனக்கு 300-கூட அதிகமாகத்தான் படுகிறது.

பாயான் லெப்பாஸ் அப்பா
டீச்சர், நீங்கள் சொன்ன பையனின் வீட்டில் வரிசை மாறிவிட்டது. முதலில் காலணி, அப்புறம் விளையாட்டு. அதற்காக விளையாட்டே வேண்டாம் என்று ஆகிவிடுமா? காலணியையும் சீருடையையும் தாளில் சுற்றி "இதுதான் உன் கிறிஸ்மஸ் பரிசு" என்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எப்படியும் வாங்கித் தர வேண்டியதைப் பரிசு என்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்றுவது அது. எனக்கு அந்தப் புதுச் சட்டையும் அப்படித்தான் வந்தது, தாளில்கூடச் சுற்றாமல்.

கெப்போங் கணக்காளர்
கொஞ்சம் எண்ணைப் பார்ப்போம். என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர் இந்த மாதம் ஊழியர் சேமநிதியின், அதாவது ஓய்வுகாலச் சேமிப்பின், மூன்றாம் கணக்கிலிருந்து பணம் எடுத்துப் பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போவதாகச் சொன்னார்கள். 2024 மே மாதம் அந்தக் கணக்கு வந்ததிலிருந்து 50 வெள்ளி இருந்தாலே எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கைப்பேசியிலேயே முடிந்துவிடும். அதனால் அது கைச்செலவுப் பணம் மாதிரி தெரிகிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. சேர்த்து மாதம் 408. அதில் மூன்றாம் கணக்குக்குப் போவது பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 41 வெள்ளி. வருஷம் முழுக்கச் சேர்ந்தால் 490. ஒரு 500 வெள்ளி விளையாட்டுச் சாமான் அவருடைய ஒரு வருஷத்து மூன்றாம் கணக்கை முழுசாகத் துடைத்துவிடும். சேமநிதி 2024-க்கு 6.3 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. வருஷம் 6 என்றே வைத்தாலும் அந்த 500 இருபது வருஷத்தில் 1,600 ஆகும்.

கூடுதலாகச் செலவழிக்க வசதி உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பிள்ளையின் பேரில் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பில் போட்டால் வருஷத்துக்கு 8,000 வெள்ளி வரை வரிவிலக்கு கேட்கலாம். டிசம்பர் 31-க்குள் போட வேண்டும். பரிசுக்கு வைத்த பணத்தில் பாதியை அங்கே போடுங்கள். தவணை ஏற்கெனவே கழுத்தை நெரித்தால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். கூச்சப்படாமல் போங்கள்.

பாயான் லெப்பாஸ் அப்பா
சேமநிதியைத் தொடக்கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன், தம்பி. ஆனால் 7 வயதுப் பிள்ளையிடம் இருபது வருஷம் கழித்து 1,600 என்றால் அதற்கு என்ன புரியும்? அதற்கு 7 வயதில் ஒரு கிறிஸ்மஸ்தான் வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி
நான் இன்னும் கல்யாணம் ஆகாதவன். ஆனால் பரிசு வாங்கிய பிள்ளையாக ஒன்று சொல்லணும். எனக்கு 13 வயதில் அம்மா கேம் செட் வாங்கித் தந்தார். வகுப்பில் நான்தான் ராஜா. அந்த வருஷம் அப்பாவுக்கு வேலை போயிருந்தது, பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. 22 வயதில்தான் சின்னம்மா மூலம் தெரிந்தது. அம்மா தாலியோடு போட்டிருந்த சங்கிலியை அடகுக் கடையில் வைத்திருக்கிறார். ஆறு மாதத்தில் மீட்க முடியவில்லை, போய்விட்டது.

அண்ணா, நீங்கள் ரொக்கத்தில் வாங்குகிறீர்கள், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கிற யாராவது என் அம்மா நிலையில் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். அந்தக் கேம் செட்டை நினைத்தால் இன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. அம்மாவின் வெறும் கழுத்துதான் ஞாபகம் வருகிறது. அப்போதே சொல்லியிருந்தால் ஒரு பந்து போதும் என்றிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.

பினாங்கு ரோடு பாட்டி
பிள்ளைகளா, எல்லாரும் எவ்வளவு என்றே பேசுகிறீர்கள். எங்கே, யார் முன்னால் என்று யாரும் கேட்கவில்லை.

நான் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயில் பங்கைச் சேர்ந்தவள். கிறிஸ்மஸ் தாத்தா என்று சொல்கிறோமே, அந்த வழக்கம் புனித நிக்கோலாஸிடமிருந்து வந்தது. இன்றைய துருக்கியில் இருக்கும் மீரா நகரத்து ஆயர், நான்காம் நூற்றாண்டுக்காரர். டிசம்பர் 6 அவர் திருநாள். ஏழைத் தகப்பன் ஒருவன் மூன்று பெண்களுக்குச் சீர் கொடுக்க வழியில்லாமல் நின்றபோது, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அவன் வீட்டுக்குள் பொன் முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார் என்பது வழிவழியாக வரும் கதை. அது சின்னத் தொகை இல்லை, தெரியுமா? பொன். அதனால் தாராளம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவர் இருட்டில் கொடுத்தார்.

செந்தூல் மகளே, நீ 1,850 செலவழித்தது உன் பிள்ளைகளுக்காக மட்டும்தானா? மாமியார் வீட்டுக் கூடத்துக்காகவும்தானே? நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் கிறிஸ்மஸ் குடிலுக்கு முன்னால், உங்கள் வீட்டிலேயே, நீங்கள் நாலு பேர் மட்டும் பிரியுங்கள். அப்போது 150 வெள்ளிப் பரிசு 150 வெள்ளியாகவே இருக்கும். பக்கத்தில் 900 வெள்ளிச் சாமானை வைத்துப் பார்க்க ஆள் இல்லை. என் பேரனுக்குச் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளில் படக்கதைகளாகப் பொறுக்கி ஒரு கட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் அதை விட்டு நகரவில்லை.

பட்டர்வொர்த் டீச்சர்
பாட்டி சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. பள்ளியில் முதல் நாள் "யாருக்கு என்ன பரிசு கிடைத்தது" என்று கட்டுரை எழுதச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. நானும் சொல்லியிருக்கிறேன். வரும் ஜனவரியில் சொல்ல மாட்டேன்.

செந்தூல் அம்மா
மூன்று நாள் கழித்து வருகிறேன். நேற்று மாமியாரிடம் போய்ப் பேசினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கிறதில்லம்மா" என்றார். செந்தூல் சூசையப்பர் கோயில் பூசை முடிந்ததும் வீட்டிலேயே பிரித்துக்கொள்வோம். மாமியார் வீட்டில் பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பரிசு, 40 வெள்ளிக்குள். கொழுந்தனார் இன்னும் சரி என்று சொல்லவில்லை. "என் பிள்ளைக்கு நான் வாங்குறதை யாரு கேட்கிறது?" என்றார். அவரிடம் சண்டை போட எனக்கு உரிமையில்லை.

வீட்டுக்காரர் 300-ஐ 400 ஆக்கினார், ஒத்துக்கொண்டேன். சேமநிதியில் எடுக்கும் எண்ணம் அவருக்கும் இருந்திருக்கிறது. கணக்காளர் தம்பி எழுதியதைக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். மகனிடம் பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி சொன்னதுபோல் நேராகவே சொன்னேன், இந்த வருஷம் இவ்வளவுதான் என்று. அழுதான். அப்புறம் விளையாட்டு பூட்ஸ் கேட்டான்.

பாயான் லெப்பாஸ் அப்பா
நான் 800-ஐக் குறைக்கப் போவதில்லை, பாட்டி, மன்னிக்கணும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் பரிசோடு நிற்கிற படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்தான் முதலில் போடுவேன். அந்தக் குழுவில் என் தம்பி இருக்கிறான். ஆகஸ்ட்டில் அவனுக்கு வேலை போனது. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். இந்த வருஷம் படம் போட மாட்டேன். இன்றைக்கு ராத்திரி ஷிஃப்ட், போவதற்கு முன் அவனைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் காலணி சைஸ் என்ன என்று கேட்கிறேன்.