மறுமொழி: அசெப்டிக் டெக்னிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

> கிருமிநீக்க முறை என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் என்பது சரிதான் ஐயா. ஆனால் கிருமிநீக்கம் என்பது பொருளுக்குச் செய்வது: ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் வைக்கிறோமே, அது. நாம் பெயர் தேடுவது அந்தப் பொருளை மாணவர் கையில் எடுத்த பிறகு நடப்பதற்கு. லூப்பை, அதாவது நுனி வளையமாக உள்ள கம்பியை, செக்கச்செவேலென்று ஆகும்வரை சுடரில் காட்டி, ஆறவிட்டு, வளர்ப்பை (வளர்த்துவைத்த நுண்ணுயிர்களை) தொடுவது. குழாயின் பஞ்சடைப்பை மேசையில் வைக்காமல் சுண்டுவிரலில் இடுக்கிக்கொள்வது. பெட்ரித் தட்டின் மூடியை ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தூக்குவது. இளநிலை மாணவரின் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போக வேண்டியது இங்கேதான்.

மறுநாள் தட்டில் தனித்தனிக் காலனிகள் (நுண்ணுயிர்த் திட்டுகள்) வந்தனவா என்று மட்டும் பார்த்தால் போதாது. மூடியை அகலத் திறந்தவருக்கும் தட்டு சுத்தமாக வந்துவிடலாம். கொடுத்த வளர்ப்பே கலந்திருந்தால், கை பிசகாமல் செய்தவரின் தட்டிலும் இரண்டு வகைக் காலனிகள் வரும். எழுத்துத் தேர்வும் இதைக் காட்டாது. சுடரில் ஏன் காட்டுகிறோம் என்று அழகாக எழுதியவரே, ஆறாத லூப்பை வளர்ப்பில் வைத்துச் சுர்ரென்று தெறிக்கவிடுவதுண்டு. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். பார்ப்பவர் குறித்துக்கொள்ள ஒரு சொல் வேண்டும்.

என் பரிந்துரை: மாசுறாக் கையாளல்.

'நுண்ணுயிர் புகாக் கையாளல்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் ஒரு திசையை மட்டும் சொல்கிறது. வெளியே இருப்பது வளர்ப்புக்குள் போகக் கூடாது. வளர்ப்பில் இருப்பது மேசைக்கும் கைக்கும் வரவும் கூடாது. 'மாசுறா' இரண்டுக்கும் பொருந்தும். மாசு என்றால் புகையும் கழிவுநீரும்தான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆய்வகத்தில் 'இந்தத் தட்டு மாசுற்றுவிட்டது' என்றால் யாரும் புகையை நினைக்கமாட்டார்கள். மாசுறல், மாசுற்ற வளர்ப்பு என்று கிளைச்சொற்களும் தாமாகவே கிடைக்கின்றன.

அப்புறம், டெக்னிக் என்பதற்கு 'நுட்பம்' வேண்டாமா என்ற கேள்வி. வேண்டாம் என்பேன். நுட்பத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், கையாளலைச் செய்துதான் காட்ட முடியும். மதிப்பீட்டுத் தாளில் வினையாகவும் எழுத வசதி: 'வளர்ப்பைக் குழாயிலிருந்து தட்டுக்கு மாசுறாமல் மாற்றுகிறார்.'

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இதை நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிட்டு, கிராம் சாயமேற்றலில் (பாக்டீரியாவை நிறத்தால் இரு வகையாகப் பிரித்தறியும் முறையில்) ஆல்கஹால் ஊற்றும் படிக்கு வருவோம். அங்கே 'நிறநீக்கம்', 'சாயநீக்கம்' இரண்டும் புழங்குகின்றன.