மைண்ட் மேப் போட்டு உலகமயமாக்கல் வரலாறு படிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? எனக்கு ஒரு கிளை உறுத்திக்கிட்டே இருக்கு

எல்லாரும் போடற மாதிரிதான் நானும் போட்டேன், நடுவுல வட்டம், சுத்தி வணிகம், மக்கள், நோய், தொழில்நுட்பம்னு நாலு கலர் ஸ்கெட்ச். வணிகம் கிளைல மிளகு, வெள்ளி, சர்க்கரை, பருத்தி, புகையிலை, அடிமைகள்னு வரிசையா எழுதிட்டு ஒவ்வொண்ணுக்கும் குட்டிப் படம் வரைஞ்சிட்டு வந்தேன், பருத்திக்குப் பஞ்சு, புகையிலைக்கு ஒரு இலை, கடைசில இருந்ததுக்கு என்ன படம் போடறதுன்னு பேனாவ வெச்சுக்கிட்டு யோசிக்கும்போது பக்கத்துல இருந்த தங்கச்சி (எட்டாவது படிக்கிறா) எட்டிப் பார்த்து "அக்கா, மனுஷங்களையும் சரக்கு லிஸ்ட்லதான் எழுதுவியா?"ன்னு கேட்டா.

கேட்டுட்டு அவ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டா. எனக்குக் கை ஓடல. இத்தன நாளா பாடத்த அப்படித்தான் மனசுல அடுக்கி வெச்சிருந்திருக்கேன். அழிச்சிட்டு 'மக்கள்' கிளைல இடப்பெயர்வுக்குக் கீழ மாத்திப் பார்த்தேன், அங்க இன்னும் மோசமா தெரியுது, ஏதோ அவங்களா மூட்டை கட்டிக் கெளம்பின மாதிரி. உங்க மேப்ல அத எங்க வெச்சிருக்கீங்க?

*

எனக்கு இந்த மாதிரி உறுத்தல் வெள்ளிங்கற உலோகத்துல வந்துச்சு. நான் கண்டம் வாரியா கிளை போடற ஆளு. அமெரிக்கா நுனில பொட்டோசி 1545னு (இப்ப பொலிவியால இருக்கற வெள்ளிச் சுரங்க ஊர்) இருந்துச்சு, எதிர் மூலைல சீனா, மிங் அரசு வரிய வெள்ளியா வாங்க ஆரம்பிச்சதுன்னு ஒரு வரி. ரெண்டையும் வேற வேற நாள்ல எழுதினேன், ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணவே இல்ல. ரிவிஷன் பண்றப்ப மணிலா கப்பல எந்தக் கிளைல வைக்கறதுன்னு தெரியல, அதான் 1565ல இருந்து 1815 வரைக்கும் மெக்சிகோவோட அக்காபுல்கோவுக்கும் பிலிப்பைன்ஸோட மணிலாவுக்கும் ஓடினது, அது எந்தக் கண்டத்துக்கும் சொந்தமில்லையே, சரின்னு பென்சில்ல பொட்டோசில இருந்து ஒரு கோடு இழுத்தேன், அது நடு வட்டத்தையே வெட்டிக்கிட்டு, 'உலகமயமாக்கல்'ங்கற எழுத்து மேலயே ஏறிப் போய் சீனால முட்டுச்சு.

அங்க வெள்ளிக்குக் கிராக்கி ஜாஸ்தி, அந்தக் கிராக்கியும் சேர்ந்துதான் ஆண்டீஸ் மலைல பூர்வகுடி ஆளுங்கள மீத்தாங்கற கட்டாய வேலைல இறக்கிச் சுரங்கம் தோண்ட வெச்சிருக்கு, அதே கப்பல்ல திரும்பிப் போகும்போது சீனப் பட்டும் பீங்கானும். வரி ஆபீஸர் ஒரு மூலைல, சுரங்கத் தொழிலாளி இன்னொரு மூலைல, ஒருத்தர ஒருத்தர் பார்த்ததே கிடையாது. அந்த ஷீட்ட நான் இன்னும் தூக்கிப் போடல.

*

வெள்ளி பத்தி எழுதினவருக்கு: கோடு ஒண்ணு மட்டும் போட்டீங்கன்னா தப்பு. பெரும்பங்கு வெள்ளி அட்லாண்டிக் தாண்டி முதல்ல ஐரோப்பாதான் போச்சு, அங்க இருந்து ஆசியாவுக்குத் துணியும் மசாலாவும் வாங்க வந்த கப்பல்கள் வழியா வந்துச்சு, 1600ல ஆரம்பிச்ச இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனி, 1602ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி எல்லாம் அதுலதான் வியாபாரமே பண்ணினாங்க. மணிலா ரெண்டாவது வாசல்.

முதல்ல கேள்வி போட்டவங்களுக்கு, நான் வணிகம் கிளைலயேதான் வெச்சிருக்கேன், மாத்தவும் மாட்டேன். பிடிச்சுட்டுப் போனவங்க கணக்குப் புத்தகத்துல அப்படித்தான் எழுதினாங்க, அத நாம வேற கிளைக்கு நகர்த்தினா அவங்க செஞ்சத மறைச்ச மாதிரி ஆயிடும். மேற்கு ஆப்பிரிக்கக் கரைல ஆளுங்கள வாங்க குடுத்த சரக்குல இந்தியப் பருத்தித் துணியும் முக்கியமானது, இது இடப்பெயர்வு கிளைல எப்படித் தெரியும்?

பிரச்சனை கிளைல இல்ல, கோட்டு மேல ஒண்ணும் எழுதாம விடறதுலதான். மைண்ட் மேப்னா நடுவுல ஒண்ணு, மத்ததெல்லாம் அதோட குட்டிங்க, அதுக்கு மேல அது சொல்லாது. 1970கள்ல கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜோசப் நோவாக் குழு உருவாக்கின கான்செப்ட் மேப் வேற வகை, அதுல ரெண்டு கட்டத்துக்கு நடுவுல போற ஒவ்வொரு கோட்டு மேலயும் ஒரு இணைப்புச் சொல் இருக்கணும், பெரும்பாலும் வினைச்சொல். 'வாங்கினான்', 'துரத்தினான்', 'கொன்னுச்சு'. பெரியம்மைல இருந்து அமெரிக்கப் பூர்வகுடிக்கு வெறும் கோடு போடறதும் 'கொன்னுச்சு'ன்னு எழுதறதும் ஒண்ணா?

அப்புறம் நடு வட்டத்துல உலகமயமாக்கல்னு எழுதாதீங்க, யாருக்குமே அதுல பிடி கிடைக்காது, பருத்தின்னு எழுதுங்க. 1861ல அமெரிக்க உள்நாட்டுப் போர் வருது, பஞ்சு வரத்து நிக்குது, இங்கிலாந்துல லங்காஷயர் மில்லுல வேலை போகுது, எகிப்துலயும் இந்தியாவுலயும் விலை ஏறி விவசாயி பருத்திக்கு மாறறான், 1865ல போர் முடிஞ்சு விலை சரியுது, அவன் கடன்ல நிக்கறான். ஒரே பொருள், அஞ்சு வருஷம், நாலு கண்டம். எல்லா அம்புக்குறிலயும் வருஷம் எழுதுங்க. மறுநாள் ஷீட்ட மூடி வெச்சு வெறும் தாள்ல ஞாபகத்துல இருந்து திரும்பப் போடுங்க, எங்க கை நிக்குதோ அங்கதான் படிக்கணும். கலர் பென்சில் பின்னாடி வாங்கிக்கலாம்.

*

மேல இவ்ளோ பெரிய அட்வைஸ் யாரும் கேக்கலைன்னாலும் எனக்கு அது ரெண்டு வருஷம் முன்னாடியே கிடைச்சிருக்கணும். பரீட்சைல வந்த கேள்வி, 'உலகமயமாக்கல் எப்போதாவது பின்வாங்கியதா?'. கண்ண மூடினா என் மேப் அப்படியே தெரியுது, சூயஸ் கால்வாய் 1869, பக்கத்துல 1956ல கன்டெய்னர் யுகத்த ஆரம்பிச்சு வெச்ச கப்பல் 58 பெட்டியோட நியூவார்க்ல இருந்து ஹூஸ்டன் போனது, அடுத்து 1995 உலக வர்த்தக அமைப்பு, கலர்கூட ஞாபகம் இருக்கு. ஆனா எல்லாக் கிளையும் வெளிய பார்த்துதான் வளருது. 1914 உலகப் போர், 1929 பொருளாதார வீழ்ச்சி, 1930ல அமெரிக்கா ஏத்தின இறக்குமதி வரி எல்லாம் படிச்சிருந்தேன், உள்பக்கமா திரும்பற கிளைன்னு ஒண்ணு போடணும்னே தோணாததால மேப்ல ஏறவே இல்ல. அரைப் பக்கம்தான் எழுதினேன்.

*

கேள்வி கேட்டவ மறுபடியும் வந்திருக்கேன். அண்ணா, கணக்குப் புத்தகத்துல அப்படித்தான் எழுதினாங்கன்னு சொன்னீங்க, சரிதான், ஆனா நான் படிக்கறது அவங்க கணக்குப் புத்தகத்த ஒப்பிக்கறதுக்கா? அதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல.

கோட்டு மேல வினைச்சொல் மட்டும் எடுத்துக்கிட்டேன். ஆப்பிரிக்காவுல இருந்து அமெரிக்காவுக்குக் கிளையே இல்லாம தனியா ஒரு கோடு. கெளம்பற இடத்துல 'பிடித்தார்கள், ஏற்றினார்கள்', ஆய்வாளர்கள் மதிப்பு சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். சேர்ற இடத்துல 'விற்றார்கள்', சுமார் 1 கோடியே 7 லட்சம். கோடு ஆரம்பிக்கும்போது தடிமனாவும் போகப் போக ஒல்லியாவும் வருது. கடல் நடுவுல கொறஞ்ச 18 லட்சம் பேருக்கு எந்த வினைச்சொல் எழுதறதுன்னு தங்கச்சிகிட்டயே கேட்டேன், அவ பேனாவ வாங்கி 'காணோம்'னு எழுதினா, நான் வாங்கி 'செத்துப்போனாங்க'ன்னு மாத்தினேன், அவ திரும்ப வாங்கி 'சாகடிச்சாங்க'ன்னு எழுதி வெச்சிருக்கா. அது அப்படியேதான் இருக்கு.