திமிங்கிலமும் ஸ்நோர்க்கலிங்கும்: முழுநாள் படகுப் பயணம் போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மடிப்பாக்கம்வாசி

ஆகஸ்டில் குடும்பத்தோடு திருகோணமலை போயிருந்தோம். காலை ஐந்தரைக்கு உப்புவெளிக் கரையிலிருந்து படகு. முதலில் திமிங்கலம், அப்புறம் புறாத்தீவு, மதியம் நிலாவெளியில் மீன் சாப்பாடு, சாயங்காலம் திரும்புவது. போனவர்களுக்கு இதெல்லாம் தெரியும். நான் எழுத வந்தது நடுவில் ஒரு பத்து நிமிடத்தைப் பற்றி.

ஒரு மணி நேரம் ஓடிய பிறகு தூரத்தில் வெள்ளையாக ஒரு தூண் எழுந்து கலைந்தது. நீலத்திமிங்கலம். அதை ஒட்டி இன்னொரு மூச்சு, உயரம் குறைவாக. குட்டி! குட்டி என்கிறேன், அதுவே நாங்கள் இருந்த படகைவிட நீளம். எங்கள் படகுக்காரர் போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசினார். கொஞ்ச நேரத்தில் ஏழு படகுகள் சேர்ந்துவிட்டன. தாய் இடது பக்கம் திரும்பினால் இடது பக்கம் ஒரு படகு, நேராகப் போனால் முன்னால் ஒன்று. நான்கு முறை மேலே வந்தது. நான்கு முறையும் யாராவது குறுக்கே நின்றார்கள். கடைசியில் வாலைக்கூடத் தூக்காமல் அப்படியே அமிழ்ந்துவிட்டது.

அமிழ்ந்த இடத்தில் ஒரு வட்டம் இருந்தது. சுற்றிலும் சின்னச் சின்ன அலை, அந்த இடம் மட்டும் எண்ணெய் ஊற்றினது போல வழவழவென்று. வால் அடித்த வேகத்தில் அடியிலிருந்து நீர் மேலே வந்து பரவுவதால் அப்படி ஆகிறதாம். எங்கள் படகு அந்த வட்டத்துக்குள்ளேயே போய் நின்றது. குட்டி எந்தப் பக்கம் போனது என்று என் மகன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

'இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க அண்ணா' என்று அதற்கு முன்னால் மூன்று தடவை சொன்னவன் நான்தான். புறாத்தீவில் ஆமை பார்த்தோம், சுறாக் குட்டிகள் பார்த்தோம், எதுவும் மனதில் நிற்கவில்லை. அந்த வட்டம்தான் நிற்கிறது. மற்றவர்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

உப்புவெளிக்காரி

கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், அதற்கு நன்றி. என் மாமா இருபது வருடம் மீன்பிடித்துவிட்டு இப்போது சீசனில் ஆட்களை ஏற்றுகிறார். கிட்டப் போகாவிட்டால் கரைக்கு வந்ததும் காசில் குறைக்கச் சொல்கிறார்கள். நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டம் இருப்பது அவருக்குத் தெரியும். படகில் இருக்கிற ஆறு பேருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கையில் கேமரா இருக்கும்போது நினைவு வராது. எங்கள் கடல் வருடம் முழுவதும் திறந்திருப்பதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் படகைக் கரையில் ஏற்றிவிட வேண்டியதுதான். 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் சீசனே இல்லாமல் போனது. ஏழு படகு என்று எழுதும்போது அந்த ஏழு வீட்டையும் நினையுங்கள்.

சரி, என் அனுபவம். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். மாமா வலை எடுக்க விடியப்புறம் போகும்போது அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். கோணேசர் கோயில் விளக்குத் தெரிகிற தூரம்தான். என்ஜினை நிறுத்திவிட்டு வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல இருட்டு. என் முதுகுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். காற்றடிக்கிற பம்பைத் திறந்துவிட்ட மாதிரி 'ஃபூ' என்று. பிறகு முகத்தில் ஈரம், அழுகின இறால் நாற்றம். நான் கத்தப்போனேன், மாமா என் வாயைப் பொத்திவிட்டார். இன்னொரு மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. மாமா வலையை விட்டுவிட்டுக் கைகூப்பிக்கொண்டு நின்றார். நான் அதைப் பார்க்கவே இல்லை, கேட்டதும் மணந்ததும் மட்டும்தான்.

இவ்வளவு கரைக்குக் கிட்ட எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்கு: கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்கிவிடுகிறது. சில கிலோமீட்டரிலேயே பெரிய ஆழம். நல்ல நாளில் கோணேசர் கோயில் மலையில் இருக்கிற இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலே மூச்சுத் தெரியும். படகுக்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை.

ஸ்காபரோ\_அக்கா

உப்புவெளிக்காரி சொன்ன 'பார்க்கவே இல்லை' என்பதுதான் என்னை எழுத வைத்தது. எனக்கும் அதுதான் நடந்தது, ஆனால் வேறு கடலில்.

பெப்ரவரியில் ஹவாயில் மௌயித் தீவுக்குப் போனோம். அங்கே மொலோகினி என்று பிறை வடிவில் ஒரு சின்னத் தீவு, பழைய எரிமலை வாயின் விளிம்பு. போகிற வழியில் கூன்முதுகுத் திமிங்கிலம், அங்கே போய் மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு ஸ்நோர்க்கலிங். வழியில் இரண்டு பாய்ந்ததைப் பார்த்தோம், எல்லோரும் கத்தினோம், படம் எடுத்தோம். அதை இப்போது நினைத்தால் படத்தில் இருப்பது மட்டும்தான் நினைவு வருகிறது.

மொலோகினியில் தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன். முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டும். படகில் இருந்த பெண், மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கீழே போ என்று கையால் காட்டினார். ஒரு ஆள் ஆழம் போயிருப்பேன். பாட்டு! பழைய மரக்கதவு திறப்பது போலத் தொடங்கி, கன்றைத் தேடுகிற பசுவின் குரல் போல இறங்கி, திரும்ப முதலிலிருந்து. எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. காதைவிட நெஞ்செலும்பில்தான் அதிகம் கேட்டது. எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்ததோ. மேலே வந்து தலையை வெளியே எடுத்தால் காற்றும் சிரிப்பும்தான், பாட்டு இல்லை. திரும்பக் கீழே போனால் இருக்கிறது.

பாடுவது ஆண் மட்டும்தான். அந்தப் பக்கத்துக் கடலில் அந்தப் பருவத்தில் எல்லா ஆணும் ஒரே பாட்டைத்தான் பாடுமாம், வருடத்துக்கு வருடம் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறுமாம். அலாஸ்காப் பக்கத்திலிருந்து குட்டி போடவும் கூடவும் அங்கே வருகின்றன, இருக்கிற காலத்தில் சாப்பாடே கிட்டத்தட்ட இல்லை.

என் அம்மா இறந்து ஒன்பது மாதம் அப்போது. அவர் மாட்டைக் கூப்பிடுகிற குரலும் அப்படித்தான் இறங்கும். மாஸ்க்குக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மடிப்பாக்கம்வாசிக்கு: அங்கேயும் நூறு யார்டு தள்ளி நிற்கவேண்டும் என்றுதான் சட்டம். ஆனால் படகு கிளம்புவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறார்கள். 'தானாகக் கிட்ட வந்தால் வரட்டும், நாங்கள் போகமாட்டோம்' என்று. அதைக் கேட்ட பிறகு யாரும் கிட்டப் போகச் சொல்லவில்லை.

டாக்டர்வீட்டுப்பிள்ளை

நான் கற்பிட்டியில் போனேன். ஓங்கில் (டால்பின்) நூற்றுக்கணக்கில் வந்தது, ஒன்று படகுக்கு முன்னால் சுழன்று குதித்தது. அந்த நேரம் நான் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். வாந்திக்கு நடுவில் அதன் கண்ணைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அதனால் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லவேண்டும், யாரும் இதைச் சொல்வதில்லை. வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டால் பிரயோசனம் இல்லை. முதல்நாள் இரவு ஒன்று, அல்லது கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன். கர்ப்பிணிகள், குழந்தைகள், வேறு மருந்து எடுப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி, அல்லது பாணும் வாழைப்பழமும் போதும். படகின் முன்பக்கம் படம் எடுக்க நல்லது, ஆனால் அங்கேதான் அதிகம் தூக்கிப்போடும். பின்பக்கம் நடுவில் உட்காருங்கள், புகை முகத்தில் அடிக்காத பக்கமாக. கண் தொடுவானத்தில் இருக்கட்டும். போனைக் குனிந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது கதை.

ஸ்நோர்க்கலுக்கு: மாஸ்க்கைக் கயிறு மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் அளவு சரி. மீசை இருந்தால் தண்ணீர் கசியும். உள்ளே எச்சில் தடவிக் கழுவினால் மங்காது. இடுப்பளவு தண்ணீரில் பத்து நிமிடம் வாயால் மூச்சு விட்டுப் பழகிய பிறகுதான் ஆழத்துக்குப் போகவேண்டும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். முழங்காலின் பின்பக்கம் வெயிலில் வெந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. அதற்காகச் சன்ஸ்கிரீனை அள்ளிப் பூசவும் வேண்டாம். ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் உள்ளதை 2021 முதல் ஹவாயில் விற்கவே தடை, பவளத்துக்குக் கெடுதல் என்று. முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டு இறங்கினால் பாதி வேலை முடிந்தது.

நெல்லைத்தம்பி

டாக்டர்வீட்டுப்பிள்ளை சொன்ன மாத்திரையை நான் போட்டேன். வாந்தி வரவில்லை, தூக்கம்தான் வந்தது. கண் விழித்தபோது எல்லோரும் உட்கார்ந்துகொண்டு, 'எவ்வளவு பெரிய வாலு பாத்தீங்களா' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை இஞ்சி மரப்பாவோடு போகப்போகிறேன். அதற்காக மாத்திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை, யார் யாருக்குத் தூக்கம் வரும் என்று வீட்டிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை13

எல்லோரும் படகைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். உப்புவெளிக்காரி, உங்கள் மாமாவின் பைபர் படகு நீலத்திமிங்கிலத்தைத் துரத்தலாம், கொல்வது அபூர்வம். கொல்வது வேறு.

நான் 2018 மார்ச்சில் மிரிஸ்ஸவில் போனேன். அங்கே இரண்டு தட்டு வைத்த பெரிய படகு. தெற்குக் கடலில் தெவிநுவரை முனையைத் தாண்டினால் உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. திமிங்கிலத்துக்கு இரை கிடைப்பதும் அதே இடத்தில்தான். ஒரு நீலத்திமிங்கிலம் ஒழுங்காக மேலே வந்து போய்க்கொண்டிருந்தது. நாங்கள் தள்ளித்தான் நின்றோம். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது' என்றார். மூன்று முறை அப்படியே வந்தது. நான்காவது முறை அது உள்ளே இருக்கும்போது, கண்டெய்னர் கப்பல் ஒன்று கிழக்கிலிருந்து வந்தது. எங்களுக்குத் தெரிந்த வரையில் நேராக அந்த இடத்துக்கு மேலேயே. மூன்று மாடி உயரத்துக்குப் பெட்டிகள், முன்னால் வெள்ளை நுரை. படகில் யாரும் பேசவில்லை. கப்பல் போனது. அதன் அலை வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. இருபதில் கேப்டன் என்ஜினைப் போட்டார். வழிகாட்டி, 'வேறு பக்கம் வந்திருக்கும், கடல் பெரிது' என்றார். வந்திருக்கலாம். இடிபட்டதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கும் துறைமுகப் பக்கம் போனால் அந்த இருபது நிமிடம்தான் வருகிறது.

கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் போன்றவர்கள் இந்தப் பாதையைக் கொஞ்சம் தெற்கே தள்ளச்சொல்லி வருடக்கணக்காகக் கேட்டார்கள். இங்கே இருக்கிற நீலத்திமிங்கிலங்கள் மற்றவை போலத் துருவத்துக்குப் போய் வருவதில்லை, வருடம் முழுவதும் இந்தச் சூடான கடலையே சுற்றி இருக்கின்றன என்று சொன்னவரும் அவர்தான். போக வேறு இடம் இல்லாத உயிர். 2022 இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. ஒரு பெரிய நிறுவனம் செய்ய முடிந்ததை மற்றவர்களும் செய்யலாம். நூறு மீட்டர் முக்கியம்தான், அதோடு இதையும் பேசுங்கள்.

மடிப்பாக்கம்வாசி

உப்புவெளிக்காரி, நீங்கள் சொன்னது சரி. படகுக்காரரைக் குறை சொல்ல நான் எழுதவில்லை, ஆனால் வாசித்தால் அப்படித்தான் தெரிகிறது. அவர் முதலில் தள்ளியே நிறுத்தினார், அதை நான் எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை ஏறும்போதே, 'கிட்ட போக வேண்டாம், காசு முழுசா தர்றோம்' என்று சொல்லிவிட்டு ஏறுவோம்.

முருகைக்கல்

புறாத்தீவு என்று நீங்கள் சொல்வதை நாங்கள் புறாமலை என்போம். முருகைக்கல் என்றால் பவளப்பாறை, என் பெயரைப் பார்த்தாலே நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரியும்.

மகளுக்கு எட்டு வயது. திமிங்கிலம் வரவில்லை, அதனால் சோர்ந்திருந்தாள். மலைக்குப் பின்பக்கம் தண்ணீரில் இறங்கினோம். கிளிமீன்கள் கல்லைக் கடிக்கிற சத்தம் நறநறவென்று கேட்டது, அவளுக்குச் சிரிப்பு. துடுப்பு நுனி கறுத்த சுறா ஒன்று மணல் மேல் போனது. அதைப் பார்த்ததும் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அவள் குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. அவளைத் தூக்கிப் பிடிக்க எனக்கு நிற்க ஓர் இடம் தேவைப்பட்டது. காலைக் கீழே விட்டேன்.

நொறுங்கியது. அப்பளம் மாதிரி இல்லை, காய்ந்த சுள்ளி முறிவது மாதிரி. தண்ணீருக்குள் அந்தச் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்டது. கீழே பார்த்தால் மான்கொம்பு போலக் கிளைத்த முருகை, நுனியெல்லாம் இளநீலம். என் கால் அளவுக்கு நடுவில் ஒரு பள்ளம், உடைந்த இடங்கள் வெள்ளை வெளேரென்று. அந்த வகை வேகமாக வளர்கிற ஜாதி, அப்படியும் வருடத்துக்கு ஒரு சாண்கூட வளராது. 2004 சுனாமியும் சூடேறிய கடலும் கடந்து வந்தது அது.

நாங்கள் சின்ன வயதில் முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்குச் சுட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அது உயிர் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வந்த வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

தலையை வெளியே எடுத்து, தண்ணீரைத் துப்பிவிட்டு, 'அப்பா, என்ன சத்தம்?' என்று கேட்டாள்.

'கல்' என்றேன்.