வாட்ச் முதுகில் என்ன எழுதுவது: நீர்புகாவா, நீர்ப்பொறுதியா?

நுவரெலியாவிலிருந்து:

> "வாட்டர் ரெசிஸ்டன்ற்" என்பதற்கு "நீர்புகா" என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் பழகிய சொல்.

பதுளை ஐயா, வணக்கம். நாம் எழுதும் வாட்ச் கையேட்டுக்கு நீங்கள் சொன்னது பழகிய சொல்தான், மறுக்கவில்லை. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நான் அப்பாவின் வாட்ச்சைக் கெடுத்தேன்.

சங்கிலி இடுக்கெல்லாம் வியர்வையும் தேயிலைத் தூளும் சேர்ந்து கறுத்துக் கிடந்தது. வாங்கிய கடையின் உத்தரவாதத் தாளில் தமிழில் "நீர்புகா" என்றிருந்தது. சரி என்று சவர்க்காரம் போட்டு, சுடுதண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துத் தேய்த்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை கண்ணாடிக்கு உட்பக்கம் பனி மூட்டம், முள்ளே தெரியவில்லை. திருத்துபவர் முதுகுமூடியைத் திறந்து காட்டினார்: தண்ணீரை அடைக்க உள்ளே இருந்த றப்பர் வாசர் கருவாடுபோல் காய்ந்து கிடந்தது. பற்றரி மாற்றும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்க வேண்டும், சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவியிருக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. என் பங்குக்கு நான் சூட்டையும் சவர்க்காரத்தையும் சேர்த்துவிட்டேன். சவர்க்காரம் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும். வெறும் தண்ணீர் தயங்கி நிற்கும் இடுக்கிலும் சவர்க்காரத் தண்ணீர் நுழைந்துவிடும்.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். "புகா" என்பது, "புகாத" என்பதன் கடைசி எழுத்துப் போன, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். காலம் காட்டாது, மூன்று காலத்துக்கும் பொது. "நீர்புகாக் கடிகாரம்" என்றால் நேற்றும் புகவில்லை, இன்றும் புகாது, என்றைக்கும் புகாது. எந்த வாட்ச்சும் இப்படி ஒரு வாக்குக் கொடுப்பதில்லை. கைக்கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 தரம் (2010) பேசுவதும் எதிர்த்து நிற்பதைப் பற்றித்தான், புகவே புகாது என்பதைப் பற்றி அல்ல. முதுகில் "30 மீற்றர்" என்றிருந்தால் முப்பது மீற்றர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பொருளில்லை. பத்து மீற்றர் நீருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம். அந்தக் கணக்கில் மூன்று வளிமண்டலத்தை, அசையாமல் இருக்கும் நிலையில், அந்த வாட்ச் தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். நடைமுறையில் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், நம் ஊர்த் தூறல். நீந்துவதற்கு 50 மீற்றரிலாவது தொடங்க வேண்டும், பலர் 100 கேட்பார்கள்.

ஆகவே கையேட்டில் வரும் சொல்லுக்குள்ளேயே ஓர் அளவு இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

"நீர்தாங்கி" என்று ஹட்டன் தம்பி எழுதியிருந்தார். தமிழ்நாட்டுக்காரருக்கு அது சரியாகப் படலாம். இங்கே லயத்துக் கூரைக்கு மேலே கறுப்பாக உட்கார்ந்திருப்பதுதான் தாங்கி. கையில் ஒரு தண்ணீர்த் தாங்கியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதா? "நீர்த்தடை" என்றால் மின்தடை ஞாபகம் வரும், இல்லையென்றால் நீர்வெட்டு ஞாபகம் வரும். "நீரெதிர்ப்பு" பரவாயில்லை, ஆனால் ஊர்வலம் போகிற சத்தம் அதில் கேட்கிறது.

நான் முன்வைப்பது நீர்ப்பொறுதி. சமையலறையில் "கை பொறுக்கிற சூடு" என்கிறோமே, அதே பொறு. யாரும் அதை "எந்தச் சூடும் சுடாது" என்று விளங்கிக்கொள்வதில்லை. இவ்வளவு வரை பொறுக்கும், அதற்கு மேல் கையை எடு என்றுதான் பொருள். பொறுதிக்கு எல்லை உண்டு, வயதாக வயதாகக் குறையவும் செய்யும். வாசரும் அப்படித்தான்.

"நீர்ப்பொறுதி 3 வளிமண்டலம்." "வாசர் மாற்றாததால் நீர்ப்பொறுதி குறைந்துவிட்டது." வாக்கியத்தில் நிற்கிறதா பாருங்கள்.

பதுளையிலிருந்து:

தம்பி, "கை பொறுக்கிற சூடு" என்னை மடக்கிவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கவேண்டும். என் மகன் கொழும்பில் பற்றரி மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்தான். வாட்ச்சைத் தண்ணீரில் காட்டவே இல்லை. காலையில் மேசையிலிருந்து எடுத்தால் உள்ளே மூட்டம். கையில் கட்டிக் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. இதுவும் பொறுதி போனதுதானா?

நுவரெலியாவிலிருந்து:

இல்லை ஐயா, அநேகமாக அது வேறு. கொழும்பின் 28 பாகை வெப்பமும் 80 வீத சாரீரப்பதனும் உள்ள காற்றை உள்ளே வைத்து மூடினால், அதன் பனிபடுநிலை, அதாவது ஆவி தண்ணீராக ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 24 பாகை. அதே வாட்ச் எங்கள் நுவரெலியாபோல் 1,868 மீற்றர் உயரத்தில், 12 பாகை விடியலில், மேசையில் கிடந்தால் உள்ளிருக்கும் ஆவியில் பாதியளவு கண்ணாடியில் ஒடுங்கிவிடும். ஒரு துளி தண்ணீர்கூட வெளியிலிருந்து போயிருக்க வேண்டியதில்லை. கைச்சூட்டில் மறைந்து போனால் பயப்படாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தாலும், மறையாமல் நின்றாலும் கடைக்குக் கொடுங்கள். அங்கே 40–45 பாகை சூட்டுத் தட்டில் வாட்ச்சை வைத்து, கண்ணாடி மேல் ஒரு துளி குளிர்நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உட்பக்கம் மூட்டம் நின்றால் ஈரம் இருக்கிறது. வீட்டில் அடுப்புக் கல்லில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!

பார்த்தீர்களா, "நீர்புகா" என்று எழுதியிருந்தால் உங்கள் மகன் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பார்.

ஹட்டனிலிருந்து:

தாங்கியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. நீர்ப்பொறுதிக்கே என் வாக்கு. அப்படியே வாசருக்கு "அடைப்பு வளையம்" என்றும், முள்ளைத் திருப்பும் சாவித் திருகுக்கு, ஆங்கிலத்தில் "கிரவுன்" என்பதால், "முடி" என்றும் வைத்துவிடலாமா?

நுவரெலியாவிலிருந்து:

வாசரை விட்டுவிடுங்கள் தம்பி. தண்ணீர்க் குழாய் திருத்துபவர் முதல் குக்கர் திருத்துபவர் வரை அது எல்லோருக்கும் தெரியும். "முடி" என்று போட்டால் வாட்ச்சுக்குத் தலை வார வேண்டும். "சாவித் திருகு" போதும்.

துப்புரவுப் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

"முதலில் சாவித் திருகை உள்ளே அழுத்துங்கள், மரையுள்ளதானால் இறுக்குங்கள். உலோகச் சங்கிலியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, அதை மட்டும் இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு மென்மையான பல்தூரிகையால் தேயுங்கள். தோல் பட்டியை நனைக்க வேண்டாம். உடற்பகுதியை ஈரத் துணியால் துடைத்தால் போதும், இடுக்கு அழுக்குக்குப் பல்குத்தி. நீர்ப்பொறுதி எவ்வளவு என்று முதுகில் எழுதியிருந்தாலும் அது புதிதாக இருந்தபோது உள்ள அளவு. பற்றரி மாற்றும்போது வாசரையும் பார்க்கச் சொல்லுங்கள்."

பதுளையிலிருந்து:

முதல் தடவை மட்டும் அருகில் "வாட்டர் ரெசிஸ்டன்ற்" என்று தமிழ் எழுத்திலேயே போடுங்கள், அப்புறம் நீர்ப்பொறுதிதான். "பல்தூரிகை" வேண்டாம். "பிரஷ்".