டெட்ராய்ட், பிட்ஸ்பர்க், லூயிவில்: ஜூலைப் பயணத்துக்கு யோசனை தேவை

வணக்கம். அமெரிக்காவின் இரண்டாம் நிலை கால்பந்து லீக்கான யூஎஸ்எல் சாம்பியன்ஷிப் அணிகள் உள்ள ஊர்களாகப் பார்த்து, ஜூலையில் பத்து நாள் கார் பயணம். ஐரோப்பிய லீக்குகள் ஓய்ந்திருக்கும் கோடையிலும் இந்த லீக் நடக்கிறது என்பதுதான் வசதி.

சிக்கல் அட்டவணையில். ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை. மூன்று அணிக்கும் ஒரே நாளில் சொந்த மைதான ஆட்டம் விழுந்தால் ஒன்றைத்தான் பார்க்க முடியும். அதனால் முதலில் புதன்கிழமை ஆட்டத்தைப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் ஒரு சனிக்கிழமை வைக்கிறோம். ஆட்ட நேரம் மாறுவது உண்டு, ஆகவே ரத்து செய்யக்கூடிய அறை மட்டும்.

டெட்ராய்ட் சிட்டி ஆடுவது ஹாம்ட்ராமிக்கில், 1936இல் திறந்த கீவொர்த் மைதானத்தில். பழைய குடியிருப்புக்கு நடுவே இருப்பதால் காரை எங்கே விடுவது? பிட்ஸ்பர்க் மைதானம் மொனொங்கஹேலா ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பகலில் 1870இல் தொடங்கிய இன்க்ளைன் ரயிலில் மலையேறி, மாலை நடந்தே ஆட்டத்துக்குப் போகலாம். இந்த ஊரை விட மனமில்லை.

லூயிவில்லில் வெயில்தான் கவலை. மேற்குப் பக்க இருக்கை என்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கே கூரை நிழல் எத்தனை வரிசை வரை விழும்? மின்னல் வந்தால் கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் ஆட்டம் நிற்கும். குழந்தைகளோடு அந்நேரம் ஒதுங்க எந்த வாசல் பக்கம் நல்லது?

இதே லீக்கில் அணி உள்ள பக்கத்து ஊர் லெக்சிங்டனையும் சேர்க்கலாமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.