புளியில் ஊறிய பித்தளை விளக்கு ரோஸ் கலரானது ஏன்?

தூத்துக்குடி மருமகள்:
கல்யாணமாகி மதுரையிலிருந்து இங்கே வந்திருக்கிறேன். வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அம்மா கொடுத்த குத்துவிளக்கு ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. மாமியார் அதைப் புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டார். கறுப்பு போய்விட்டது. ஆனால் அடித்தட்டு செம்பு மாதிரி ரோஸாக நிற்கிறது. “முலாம் விளக்கு அண்ணி, உங்க அம்மாவை ஏமாத்திட்டாங்க” என்கிறான் கொழுந்தன். நிஜமா? டப்பாவில் வைத்த வெள்ளிக் கொலுசும் கறுப்பு, சிங்க்கில் பழுப்புப் புள்ளி. எல்லாம் உப்புக்காற்றா?

பாலிஷ் பட்டறை:
கொழுந்தனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். புளியில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரையும், மேல்தோலில் செம்பு மட்டும் மிஞ்சும். விளக்கின் அடியில், கண்ணில் படாத இடத்தில், நைஸ் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள். உள்ளே மஞ்சள் தெரிந்தால் கவலையே வேண்டாம். செங்கல் பொடியைத் துணியில் சலித்து, ஈரத்துணியால் தேய்த்தால் ரோஸ் போகும். இனிமேல் புளி என்றால் தேய்த்தவுடன் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்துவிட வேண்டும். முக்கியமாக, திரி வைக்கும் முகத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று இருக்கிறதா பாருங்கள். அது எண்ணெயில் உள்ள அமிலம் செம்போடு சேர்ந்து வருவது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மிச்ச எண்ணெயை வழித்துவிட்டாலே பாதி வேலை குறையும்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
வெள்ளிக்கு எதிரி உப்பு அல்ல, கந்தகம். கொலுசு டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறீர்களா? ரப்பரில் கந்தகம் உண்டு. பட்ட இடம் கோடாகக் கறுக்கும். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு அதில் படும்படி வைத்து, ஆப்பச்சோடா போட்டு வெந்நீர் ஊற்றுங்கள். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்படாதீர்கள். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் கழன்று வருகிறது. தேய்த்தால் வெள்ளி தேயும், இதில் தேயாது. கல் பதித்த நகைக்கு மட்டும் வேண்டாம்.

சிங்க்கைத் தேய்ப்பது இரும்பு நாராலா? அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருப்பிடித்தாலே அப்படிப் புள்ளி விழும். எவர்சில்வரில் குரோமியம் மேலே ஒரு மெல்லிய படலம் கட்டிக் காக்கிறது, ஆனால் உப்பு அதைத் துளைத்துவிடும். கடலோரத்தில் நன்னீரில் கழுவித் துடைப்பதுதான் வழி. பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்.

தூத்துக்குடி மருமகள்:
அரம் போட்டோம், உள்ளே நல்ல மஞ்சள்! கொழுந்தன்தான் இப்போது உட்கார்ந்து செங்கல் சலிக்கிறான். டப்பாவில் ரப்பர் பேண்டும் இருந்தது. ஜன்னல் கம்பிக்கு பெயிண்ட் அடித்தும் துரு கொப்புளம் போடுகிறதே, அதற்கு?

பாலிஷ் பட்டறை:
துருவின் மேலேயே அடித்திருப்பார்கள். உள்ளே ஈரமும் உப்பும் இருக்கும் வரை கொப்புளிக்கத்தான் செய்யும். வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, நன்னீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். பெயிண்ட் அப்புறம்.